விளம்பரத்தின் விளிம்பில் ஓர் ஊர்

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, தெல்தெனியவையும் மெதமகாநுவரவையும் கடந்து மலையேறி, பதினெட்டு வளைவுகளினூடே தாழ்நிலத்திற்கு இறங்குவதற்கு முன்னர் ஒரு சிறு கடைத்தெருவை ஊடறுத்துச் செல்கின்றது. அதுவே ஹுன்னஸ்கிரிய. கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னன் 1815ஆம் ஆண்டிலே பிடிபட்டது இப்பகுதியிலேதான். ஆயினும் வரலாற்றை நாடி இங்கு வருவோர் மிகச் சிலரே. வார இறுதிகளில் இச்சந்தியிலே வந்து நிற்கும் வான்கள், தேநீர் அருந்துவதற்கும் வழி விசாரிப்பதற்குமே நிற்கின்றன. அவை பின்னர் பெருந்தெருவை விட்டு விலகி, லூல்வத்தை வழியாகக் கோர்பட் கணவாயைத் தாண்டி, மலைகளுக்கு அப்பாலுள்ள மீமுரே என்னும் கிராமத்திற்குச் செல்கின்றன.

மீமுரேயைப் பற்றிய விளம்பரங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுகின்றன. நாகரிகம் தீண்டாத கிராமம், காலம் நின்றுவிட்ட இடம், முன்னோர் வாழ்ந்தவாறே மக்கள் வாழும் பூமி என்றவாறு அவை பேசும். வயலும், வயலுக்குப் பின்னே செங்குத்தாக எழுந்து நிற்கும் லக்கேகல மலையும் படத்திலே இடம்பெறும். சந்திக்கும் அக்கிராமத்திற்கும் இடைப்பட்ட வழியிலே தேயிலை மலைகளும், அவற்றின் சரிவுகளிலே வரிசை வரிசையாக லயங்களும் உள்ளன. அவை எந்தப் படத்திலும் இடம்பெறுவதில்லை. படம் பிடிப்பவர் அவ்வழியாகவே சென்றிருப்பார். எனினும் அவரது கருவி கணவாயைத் தாண்டிய பின்னரே திறக்கப்படுகின்றது போலும்.

இத்தகைய விளம்பரங்களைப் பொய்யென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதனாற் பயனில்லை. வயல்கள் மெய்யானவை, மலையும் மெய்யானது. மானிடவியலாளர் எழுப்பும் வினா வேறொன்று. ஒரு சமூகம் எதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொருட்டு இப்படத்தைத் தெரிந்தெடுத்தது? சட்டத்திற்குள் நிறுத்தப்பட்டவர் யார், வெளியே விடப்பட்டவர் யார்? இவ்வினாக்களை மிக நுணுக்கமாக எழுப்பியோருள் யப்பானை ஆராய்ந்த மானிடவியலாளர் குறிப்பிடத்தக்கவர். ஹுன்னஸ்கிரியச் சந்தியைப் புரிந்துகொள்வதற்கு யப்பான் வரை செல்வது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் விளம்பரம் பற்றிய மானிடவியற் சிந்தனையின் கிளையொன்று தும்பறைப் பள்ளத்தாக்கையே தொட்டுச் செல்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

விளம்பரத்தையும் மந்திரத்தையும் அருகருகே வைத்து நோக்கியவர் மலினோவ்ஸ்கி. துரோபிரியாந்துத் தீவினரின் கிழங்குத் தோட்டங்களைப் பற்றி அவர் 1935இல் வெளியிட்ட பெருநூலிலே, பயிர் செழிக்க ஓதப்படும் மந்திரமும் மேனாட்டு அழகுசாதன விளம்பரமும் சொல்லின் ஆற்றலை நம்புவதில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். அக்கருத்தை எடுத்து ஆராய்ந்து திருத்தி வளர்த்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்திற் பிறந்த எஸ். ஜே. தம்பையா. மந்திரம் என்பது தோற்றுப்போன விஞ்ஞானம் அன்று. ஒரு பொருளின் பண்பை உவமையினாலும் தொடர்பினாலும் இன்னொன்றின்மேல் ஏற்றி, கேட்போரை இணங்கச் செய்யும் செயலே அது என்பது சொல்லின் மந்திர ஆற்றல் குறித்து அவர் நிகழ்த்திய 1968ஆம் ஆண்டுப் பேருரையின் சாரம். பின்னாளிலே கேம்பிரிட்ஜிலும் சிக்காகோவிலும் ஹாவார்டிலும் கற்பித்த அவர், 1955 முதல் 1960 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளராக இருந்தவர். அக்காலத்திலே என். கே. சர்க்காருடன் இணைந்து பாத்ததும்பறைக் கிராமங்களிற் செய்த ஆய்வு 1957இல் நூலாகியது. அந்நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சிதைந்துசெல்லும் கிராமம்’ என்று பொருள்படும். நிலமின்மையும் துண்டுபட்ட காணிகளும் கிராமத்தின் பழைய கட்டமைப்பைக் குலைப்பதை அவர்கள் எண்களாற் காட்டினர். பாத்ததும்பறை வேறு, மலைகளுக்கு அப்பாலுள்ள மீமுரே வேறு என்பது உண்மையே. ஆயினும் மாறாத கண்டிக் கிராமம் என்னும் படம், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஆய்வாளரால் ஐயுறப்பட்ட படம் என்பதை மறத்தலாகாது.

இனி யப்பானுக்கு வருவோம். 1970இல் ஒசாக்கா நகரிலே நடைபெற்ற உலகப் பொருட்காட்சியை ஆறு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்வையிட்டனர். அப்பெருங்கூட்டத்தைச் சுமந்து சென்ற யப்பானிய தேசியப் புகையிரத நிறுவனம், காட்சி முடிந்த பின்னர் வெறுமையாகும் வண்டிகளை எவ்வாறு நிரப்புவது என்று கவலையுற்றது. டென்ட்சு என்னும் பெரும் விளம்பர நிறுவனத்தின் துணையுடன் அது தொடங்கிய இயக்கமே ‘டிஸ்கவர் யப்பான்’ என்பது. யப்பானைக் கண்டுபிடியுங்கள் என்று யப்பானியருக்கே யப்பானியர் அழைப்பு விடுத்தனர். அதனுடன் இணைக்கப்பட்ட துணைவாசகம் ‘அழகிய யப்பானும் நானும்’ என்பதாகும். 1968இல் நோபல் பரிசு பெற்ற கவபட்டா யசுனாரி, தமது ஏற்புரைக்கு இட்ட தலைப்பைச் சிறிதே மாற்றி அமைத்த தொடர் அது. நோபல் உரையைக்கூட விளம்பரமாக்க வல்லவரை வியப்பதா, நோவதா என்று தெரியவில்லை.

சுவரொட்டிகளிலே பெரும்பாலும் இளம்பெண்கள் தோன்றினர். பழங்கோயிலின் படிக்கட்டிலோ, வயல் வரப்பிலோ, யாரோ ஒரு முதியவரின் அருகிலோ அவர்கள் நின்றனர். போய்ச் சேரும் இடத்தைக் காட்டிலும் போகின்ற பெண்ணுக்கே அங்கு முதன்மை. அக்காலத்திலே தோன்றிய மகளிர் சஞ்சிகைகளைக் கையில் ஏந்தி, நகரத்து இளம்பெண்கள் கூட்டங் கூட்டமாக மலைக்கிராமங்களுக்குப் பயணமாயினர். மானிடவியலாளர் மரிலின் ஐவி 1995இல் வெளியிட்ட, மறைந்துகொண்டிருப்பவை பற்றிய தமது நூலிலே இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். விற்கப்பட்டது ஊர் அன்று. ஊரிலே தன்னைத் தேடிக்கண்டடையலாம் என்ற நம்பிக்கையே விற்கப்பட்டது. யப்பானிய மொழியிலே ‘பிறந்த பழைய ஊர்’ என்னும் பொருளில் ‘புருசாத்தோ’ என்றொரு சொல் உண்டு. டோக்கியோவிலே பிறந்து வளர்ந்தவருக்கு அத்தகைய ஊர் எங்கே இருக்கும்? இல்லாத ஊரை ஏக்கத்தின் மூலம் உண்டாக்கிக் கொடுத்ததுதான் விளம்பரத்தின் திறமை. கிராமங்கள் ஆளின்றி வெறிச்சோடிய அதே ஆண்டுகளிலேதான் கிராமத்தின் படம் நகரெங்கும் ஒட்டப்பட்டது. மறைந்துவிட்டது என்றும் கூறக்கூடாது, மறையவில்லை என்றும் கூறக்கூடாது. மறைந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் பயணச்சீட்டு விற்பனையாகும்.

1984இல் அதே நிறுவனம் தொடங்கிய அடுத்த இயக்கம் ‘எக்சோட்டிக் யப்பான்’. அதிலே நாட்டின் பெயர் பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கத்தகானா வரிவடிவத்தில் எழுதப்பட்டது. சொந்த நாட்டை அந்நியர் கண்ணாற் பார்த்து வியக்குமாறு யப்பானியர் அழைக்கப்பட்டனர். கண்டி நகரின் கடைப் பெயர்ப்பலகைகளை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோர்க்கு இதிலே பெரிய புதுமை தோன்றாது. மூன்று ஆண்டுகளின் பின் அப்புகையிரத நிறுவனம் தனியார் மயமாகிப் பல கூறுகளாகப் பிரிந்தது. ஏக்கம் மட்டும் பிரியாமல் நின்றது. 1988இல் பிரதமர் தக்கெஷித்தாவின் அரசு ‘புருசாத்தோ’வை ஆக்குவதற்கென ஒவ்வோர் ஊராட்சிக்கும் பத்துக் கோடி யென் வீதம் வழங்கத் திட்டமிட்டது. விளம்பரச் சொல் அரசின் கொள்கையாகியது.

பிறையன் மோறன் என்னும் மானிடவியலாளரின் பயணம் இன்னும் சுவையானது. அவர் முதலில் ஆராய்ந்தது கியூசுத் தீவிலுள்ள ஒண்டா என்னும் குயவர் கிராமத்தை. ஓடை நீரின் விசையால் ஏறி இறங்கும் மர உலக்கைகள் அங்கே களிமண்ணை இடிக்கின்றன. பெயரறியாத கைவினைஞனின் தன்னுணர்வற்ற உழைப்பிலேயே உண்மை அழகு பிறக்கின்றது என்று போதித்த யனகி சொயெட்சுவின் நாட்டார் கலைக் கொள்கை, இக்கிராமத்தைப் புகழ்பெறச் செய்தது. புகழ் வந்ததும் வாங்குவோர் வந்தனர், பணமும் வந்தது. குயவரிடையே முன்னில்லாத வேற்றுமைகளும் வந்தன. ஆயினும் நகரத்து இரசிகர்கள் அவர்களிடம் எதிர்பார்த்தது, எதுவும் மாறாதிருத்தலையே. அழகைப் பற்றி எண்ணாமல் அழகைச் செய்யுங்கள் என்று எண்ணத் தெரிந்தவர் வந்து கட்டளையிடுவது எத்தகைய சுமை என்பதை 1984இல் வெளிவந்த அவரது நூல் உணர்த்துகின்றது.

அதன்பின் அவர் சென்றது 1990இல் டோக்கியோவின் விளம்பர நிறுவனமொன்றிற்கு. குயவர் கிராமத்திலே குந்தியிருந்து குறிப்பெடுத்தவர், கூட்ட அறையிலே குந்தியிருந்து குறிப்பெடுத்தார். 1996இல் வெளியான அந்நூலின் முதன்மையான கண்டுபிடிப்பு எளிமையானது, ஆனால் எளிதிற் புலப்படாதது. விளம்பரம் முதலிற் பேசுவது நுகர்வோனிடம் அன்று; செலவைக் கொடுக்கும் முதலாளியிடமே. அவரை இணங்கச் செய்யும் கூட்டமே உண்மையான சடங்கு. நுகர்வோன் எப்படிப்பட்டவன், யப்பானியப் பண்பாடு எத்தகையது என்ற விளக்கங்களெல்லாம் அச்சடங்கிலே ஓதப்படும் மந்திரங்கள். இவ்விடத்திலே மானிடவியலாளர் தம்மையும் ஒருமுறை நோக்கிக்கொள்ளுதல் தகும். உரூத் பெனடிக்ற் யப்பானுக்குச் செல்லாமலே எழுதி 1946இல் வெளியிட்ட நூல் யப்பானிலேயே பெருவாரியாக வாசிக்கப்பட்டது. ‘யப்பானியர் இத்தகையவர்’ என்று அறிஞர் எழுதிவைத்ததை விளம்பரக்காரர் எடுத்தாளுவதும், விளம்பரம் காட்டியதை அறிஞர் சான்றாகக் கொள்ளுவதும் முடிவில்லாத கொடுக்கல் வாங்கலாகிவிட்டன.

இலங்கையிலும் இதே நிலைமை உண்டு. ஸ்டீவன் கெம்பர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் கொழும்பு விளம்பர நிறுவனங்களை ஆராய்ந்து 2001இல் எழுதிய நூலிலே, அங்குப் பணிபுரிவோரை நாட்டு மக்களைப் பற்றிய உள்ளூர் இனவரைவியலாளர் என்றே கருதுகின்றார். கிராமத்தவர் எவ்வாறு பேசுவர், எதை விரும்புவர், எதற்கு நாணுவர் என்பதையெல்லாம் கொழும்பின் குளிரூட்டிய அறையிலிருந்து அவர்களே வரையறுக்கின்றனர். அவ்விளம்பரங்களை மலைநாட்டிற்குக் கொண்டுவந்த கருவியோ யப்பானின் நன்கொடை. 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி யப்பானிய அரசின் உதவியாற் கட்டப்பட்டது. பீதுறுதலாகலையிலே நிறுவப்பட்ட அதன் பரப்பு கோபுரம் மலையகத்திற்குப் படங்களைத் தந்தது. நிலையமும் யப்பானுடையது, வீட்டிலிருந்த பெட்டியும் பெரும்பாலும் யப்பானுடையது, பெட்டியிலே விளம்பரமானவற்றுட் பலவும் யப்பானுடையன. பின்னர் ‘ஒஷின்’ என்னும் யப்பானியத் தொடர்நாடகம் சிங்களத்திலே பேசி வந்து நாட்டையே கட்டிப்போட்டது. அரிசிக்காகச் சிறு வயதிலே வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைக் குடியானவன் மகளின் கதை அது. சுவரொட்டி காட்டிய ‘அழகிய யப்பான்’ ஒன்று. பசியால் மகளை அனுப்பிய யப்பான் வேறொன்று. மலையகத்திலே அந்நாடகத்தைப் பார்த்தவர்களுக்குப் பின்னையதே நெருக்கமாக இருந்திருக்கும்.

யப்பானுக்கும் கண்டி மலைகளுக்கும் உள்ள தொடர்பு தேயிலையில் இன்னும் இறுக்கமானது. கிறின் நிறுவனம் 1986 முதல் விற்றுவரும் ‘பிற்பகல் தேநீர்’ என்னும் புட்டித் தேநீர் யப்பானியரின் அன்றாடப் பானமாகிவிட்டது. அதற்கான இலைகள் இலங்கையிலிருந்தும் செல்கின்றன. திம்புல, கண்டி, நுவரெலியா எனும் பெயர்களும் அப்புட்டிகளோடு பயணம் செய்ததுண்டு. அதன் அடையாளப் படமாக விளங்குவது, பிற்பகலிலே தேநீர் அருந்தும் வழக்கத்தைத் தொடக்கியவர் எனப்படும் ஆங்கிலேயப் பிரபுகுலப் பெண்மணியின் உருவம். பெயர் கண்டியினுடையது, முகம் இங்கிலாந்தினுடையது, தாகம் யப்பானினுடையது. கொழுந்து பறித்த கை எங்கும் இல்லை.

கொழுந்து பறிப்பவள் படத்திலே இடம்பெறும் விளம்பரங்களும் ஏராளம் உண்டு என்று கூறப்படலாம். உண்டுதான். அவள் வண்ணச் சேலையும் மூக்குத்தியும் அணிந்து, பிரம்புக் கூடையை முதுகிலே தாங்கி, இரு இலையும் ஒரு மொட்டும் ஏந்திப் புன்னகைக்கின்றாள். மெய்யான மலையிலே அவள் இடுப்பிலே படங்கு கட்டியிருப்பாள். சேலைக்கு மேலே பழைய சட்டையொன்றை மாட்டியிருப்பாள். காலிலே அட்டைக்காகச் சவர்க்காரமோ உப்போ பூசியிருப்பாள். பல தோட்டங்களிலே பிரம்புக் கூடையின் இடத்தை நைலோன் பை பிடித்து நெடுங்காலமாகிவிட்டது. கூடை விளம்பரத்திலே மாத்திரம் கிழியாமல் இருக்கின்றது. காலையிலே பிரட்டுக்கு நிற்பதும், நிறுவையிலே இறாத்தல் குறைந்தால் அரைப் பேராகிவிடுமோ என அஞ்சுவதும் எந்த ஒளிப்படத்திலும் அடங்குவன அல்ல. 2021இல் ஆயிரம் ரூபா நாட்கூலி பெறுவதற்கு எத்தனை ஆண்டு போராட்டம் வேண்டியிருந்தது என்பதை நாடறியும். மானிடவியலாளர் மைத்திரி ஜெகதீசன் 2019இல் வெளியிட்ட நூலிலே மலையகப் பெண்களின் உழைப்பையும் மதிப்பையும் அவர்களின் வாழ்விலிருந்தே நோக்கியிருப்பது இவ்விடத்திற் பாராட்டத்தக்கது. ஒண்டாக் குயவருக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்துள்ளது, ஒரு வேறுபாட்டுடன். குயவருக்குப் பணமாவது வந்தது.

மீமுரே செல்லும் வழியிலுள்ள லயங்கள் படத்திலிருந்து விலக்கப்படுவதன் காரணம் இப்போது ஓரளவு தெளிவாகும். பயணி தேடுவது ‘பிறந்த பழைய ஊரை’. வயலும் விகாரையும் வைக்கோற் கூரையும் அதற்குப் பொருந்தும். லயமோ ஊருக்குரிய இலக்கணம் எதற்கும் அடங்காதது. கம்பனிகள் கூலிக்கென அடுக்கிய காம்பராக்களின் வரிசையில் ஏக்கம் கொள்வதற்கு என்ன இருக்கின்றது? அங்குள்ளோருக்கு நெடுங்காலம் தனி முகவரிகூட இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து, தோட்ட அலுவலகத்தின் வழியே கைசேர்ந்தன.

ஊர் என்னும் சொல்லைப் பற்றி ஈண்டு சிறிது நிற்றல் வேண்டும். இலங்கையிற் பிறந்த மானிடவியலாளர் வலன்ரைன் டானியேல், தமிழ்நாட்டுக் கிராமமொன்றிலே செய்த களஆய்வின் பயனாக 1984இல் வெளியிட்ட நூலிலே ஊரையும் கிராமத்தையும் வேறுபடுத்துகின்றார். கிராமம் அரசின் எல்லைக்குட்பட்டது, பதிவேட்டிலே இருப்பது. ஊர் அவ்வாறன்று. அது பேசுபவனைப் பொறுத்து விரியும், சுருங்கும். மண்ணின் குணம் மனிதனிலும் மனிதனின் குணம் மண்ணிலும் ஏறும் என்ற நம்பிக்கையினால் ஆனது அது. யப்பானியரின் ‘புருசாத்தோ’ பிரிந்தவனின் சொல். தமிழரின் ‘ஊர்’ தன்னியல்பில் வாழ்பவனின் சொல். ஆனால் மலையகத் தமிழரிடத்தே அச்சொல் வேறொரு துன்பத்தை அடைந்தது. வாழ்ந்த இடம் அவர்கள் வாயிலே ‘தோட்டம்’ ஆக இருந்தது. ‘ஊர்’ என்றால் கடலுக்கு அப்பால் இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. ‘ஊருக்கு’ அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியிலே மீண்டும் தேயிலைக்கே சென்றனர். அங்குள்ளோர் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனர். பாட்டன் விட்டுவந்த ஊர் பேரனை அந்நியன் என்றது. இத்தகைய கதையை எந்தப் புகையிரத நிறுவனத்தாலும் சுவரொட்டியாக்க முடியாது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் நாடற்றோர் என்ற பெயர் நீங்கியது. 2023இல் மலையகம் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் வந்த வழியே மக்கள் நடந்தனர். அந்நடைக்குக் கிடைத்த கவனம் மீமுரேக்குச் செல்லும் ஒரு மழைக்கால வார இறுதிக்குக் கிடைக்கும் கவனத்திலும் மிகுதியா என்பது ஐயத்திற்குரியது.

எனினும் சொல் ஓய்ந்திருக்கவில்லை. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் இன்று கொழும்பிலே புடவைக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கின்றனர். தீபாவளிக்கு முன்னைய நாட்களிலே புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அவர்கள் நெருக்கியடித்துக் காத்து நிற்பதைக் காணலாம். தம்பிக்குச் சட்டையும் தாய்க்குச் சேலையும் அடைந்த பைகளுடன் கண்டிக்கு வந்து, அங்கே பஸ் மாறி, மகியங்கனைத் தெருவிலே ஏறிச் செல்கின்றனர். எங்கே போகிறீர்கள் என்று அருகிலிருப்பவர் கேட்டால் அவர்கள் கூறும் மறுமொழி, ‘ஊருக்குப் போறோம்’ என்பதே. அவர்கள் குறிப்பிடுவது திருச்சியையோ சேலத்தையோ அன்று. ஹுன்னஸ்கிரியச் சந்தியிலே இறங்கி, முச்சக்கர வண்டி கிடைத்தால் அதிலும் கிடையாவிடின் நடந்தும் போகவேண்டிய அந்த லயத்தையே.